புகை என்ன நிறம்? – டீசல் கடை கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ‘வண்டி இழுக்கல, என்ன பண்ணலாம்?’ என்று ஒரே வரியில் முடிந்துவிட்டன. என்ன மாடல், எத்தனை டயர், லோடா எம்டியா, புகை என்ன நிறம், எதுவும் கிடையாது. டாக்டரிடம் போய் ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வருகிற மாதிரிதான் இது. 1989லிருந்து நாமக்கல்லில் டீசல் பம்பைச் சோதிக்கிற பெஞ்ச் முன்னால் நிற்கிறவன் நான். இருந்தாலும் காகிதத்தில் காதை வைத்து இன்ஜின் சத்தம் கேட்கத் தெரியாது. விவரமாக எழுதியவர்களை முதலில் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அண்ணா, என்னுடையது 2008 மாடல் பத்து சக்கர லாரி. ஆறு சிலிண்டர், டர்போ, இன்டர்கூலர், பழைய இன்லைன் பம்ப். சேலத்திலிருந்து பெங்களூருக்கு லோடு அடிக்கிறேன். தொப்பூர் ஏற்றத்தில் முன்பெல்லாம் நான்காவது கியரில் ஏறும். இப்போது இரண்டாவதுக்கு வந்தும் திணறுகிறது. எம்டியில் போனால் ஒரு குறையும் இல்லை. புகை சுத்தமாக இல்லை. டர்போ போய்விட்டது என்று சொல்லி மாற்றினார்கள், 28,000 ரூபாய் ஆனது. வண்டி அப்படியேதான் இருக்கிறது. இப்போது பம்பைக் கழற்ற வேண்டும் என்கிறார்கள். கழற்றலாமா? – வாசகர், சங்ககிரி

பதில்: கழற்றாதீர்கள் தம்பி. இன்னும் ஒரு வாரம் பம்ப் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

28,000 ரூபாய் என்பதைவிட எனக்கு உங்கள் கடிதத்தில் முக்கியமாகப் பட்டது ‘புகை இல்லை’ என்பதுதான். டர்போ போன வண்டி எப்படி இருக்கும்? காற்று போதாது, பம்ப் ஊற்றுகிற டீசல் முழுக்க எரியாது, பின்னால் பைக்கில் வருகிறவர் முகமெல்லாம் கரியாகும். உங்கள் வண்டி லோடோடு ஏறும்போதும் சுத்தமாக ஊதுகிறது என்றால், கொடுத்த டீசலை இன்ஜின் ஒழுங்காக எரித்துவிடுகிறது என்று அர்த்தம். கொடுப்பதுதான் போதவில்லை. பசியில் கிடக்கிறவனுக்கு மூக்கில் ஆபரேஷன் செய்திருக்கிறார்கள்.

டீசல் ஏன் போதவில்லை? பம்புக்கே வந்து சேராமல் இருக்கலாம். வந்தும் பம்ப் அதைக் கொடுக்காமல் இருக்கலாம். எம்டி வண்டிக்குக் கொஞ்சம் டீசல் போதும், அதனால்தான் அங்கே குறை தெரியவில்லை.

முதலில் வரவைப் பாருங்கள். டேங்கிலிருந்து, டீசலை இழுத்துப் பெரிய பம்புக்குக் கொடுக்கிற ஃபீட் பம்ப் வரைக்கும் இருப்பது உறிஞ்சுகிற பக்கம். இந்தப் பக்கத்தில் ஒரு வாஷர் நசுங்கியிருந்தாலோ ஹோஸில் மயிரிழை வெடிப்பு இருந்தாலோ டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ‘எங்கேயும் லீக் இல்லீங்க, எல்லாம் காய்ஞ்சு கிடக்குது’ என்று டிரைவர்கள் சத்தியம் செய்வது பொய்யல்ல. காய்ந்துதான் கிடக்கும். ஃபீட் பம்புக்கும் ஃபில்டருக்கும் நடுவில் ஒரு முழம் கண்ணாடி மாதிரி தெரிகிற ஹோஸைப் போட்டு, இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். சோடாவில் வருகிற மாதிரி பொடிப்பொடியாகக் குமிழி வந்துகொண்டே இருந்தால் எங்கோ ஏர் எடுக்கிறது. பைப்பை மாட்டுகிற ஓட்டை போல்ட்டான பேன்ஜோ போல்ட்டின் இரண்டு பக்கமும் இருக்கிற செம்பு வாஷரைப் புதிதாகப் போடுங்கள். பழசையே திருப்பிப் போடுகிற கஞ்சத்தனத்தை என் கடையிலும் பார்த்திருக்கிறேன்.

குமிழி இல்லை, ஆனாலும் சந்தேகம் என்றால் கேன் வைத்துப் பார்ப்போம். இருபது லிட்டர் கேனில் நல்ல டீசலை ஊற்றி, கேபினுக்கு வெளியே ஆடாமல் கட்டி, ஃபீட் பம்பின் உறிஞ்சு பைப்பை நேராகக் கேனுக்குள் விட்டுவிட வேண்டும். ரிட்டர்ன் பைப்பையும் அதே கேனுக்குள் விட மறந்துவிடாதீர்கள். மறந்தால் பாதி டீசல் டேங்குக்குப் போய்விடும், ஏற்றத்தின் நடுவில் வண்டி நின்றுவிடும். இப்படிக் கட்டிக்கொண்டு லோடோடு ஏற்றம் ஏறிப் பாருங்கள். வண்டி இழுத்தால் குறை டேங்கிலோ அதிலிருந்து வருகிற பைப்பிலோதான்.

இதை நான் கற்றுக்கொண்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் ராசிபுரத்துக்காரர் ஒருவர் லாரியைக் கொண்டுவந்தார். அரை மணி நேரம் நன்றாக ஓடும், அப்புறம் மூச்சு வாங்கும். ஓரம் கட்டி, டீ குடித்துவிட்டு வந்து எடுத்தால் மறுபடி அரை மணி நேரம் நன்றாக ஓடும். பம்பை இரண்டு முறை இறக்கி பெஞ்சில் ஏற்றினேன். அளவெல்லாம் சரியாக இருந்தது. மூன்றாவது முறை எனக்கே வெட்கமாகிவிட்டது, டேங்கை இறக்கிக் கழுவினோம். உள்ளேயிருந்து ஒரு பாக்கு கவர் வந்தது. டேங்க் மூடி தொலைந்து, மாதக்கணக்கில் துணி செருகி ஓட்டியிருக்கிறார்கள், அப்போது விழுந்திருக்கிறது. இன்ஜின் உறிஞ்ச உறிஞ்ச அந்தக் கவர் மெதுவாக வந்து பைப் வாயில் ஒட்டிக்கொள்ளும். வண்டியை நிறுத்தினால் பிடி விட்டு மிதக்கப் போய்விடும். அவர் குடித்த டீக்களுக்கு அந்தக் கவர்தான் காரணம். அன்றிலிருந்து பம்பில் கை வைப்பதற்கு முன் டேங்க் மூடியைப் பார்ப்பேன். மூடியில் காற்று போகிற சின்ன ஓட்டை அடைத்திருந்தாலும் இதே கதைதான். மூடியைத் திறந்ததும் ‘புஸ்’ஸென்று காற்றை இழுத்தால் அதைக் கழுவினாலே போதும்.

கேன் வைத்தும் இழுக்கவில்லையா? ஃபீட் பம்பின் அடியில் இருக்கிற சல்லடைக் கப்பைக் கழற்றிக் கழுவுங்கள். ஃபில்டர் இரண்டையும் மாற்றுங்கள். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் பிரஷர் கேஜ் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வகை பம்புகளில் ஒன்று, ஒன்றரை பாராவது நிலையாக நிற்க வேண்டும். ஆக்ஸிலேட்டர் மிதித்ததும் முள் கீழே விழுந்தால் ஃபீட் பம்பின் வால்வு தேய்ந்திருக்கும், இல்லையென்றால் ஓவர்ஃப்ளோ வால்வின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் அடுத்த சந்தேகம். உங்கள் பம்பின் கவர்னர் பக்கம் மேலே தகர டப்பா மாதிரி ஒன்று உட்கார்ந்திருக்கும், இன்ஜினுக்குள் காற்று போகிற இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து ஒரு மெல்லிய பைப் அதற்கு வரும். எல்டிஏ என்போம். உள்ளே ஒரு ரப்பர் சவ்வு. டர்போ காற்று அந்தச் சவ்வை அழுத்தினால்தான் பம்ப் முழு டீசலையும் கொடுக்கும். காற்று வரும் முன்னால் டீசலைக் கொட்டிப் புகைக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு இது. அந்த மெல்லிய பைப் வெடித்தாலோ, உள்ளே கரி அடைத்தாலோ, சவ்வு கிழிந்தாலோ, டர்போ நன்றாக ஊதினாலும் பம்புக்குத் தெரியாது. டீசலைப் பிடித்தே வைத்திருக்கும். புகையும் வராது, இழுவையும் இருக்காது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் மனது முதலில் போனது அந்தப் பைப்புக்குத்தான். டர்போ மாற்றும்போது கழற்றி மாட்டியதில் பாதி உடைந்திருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

பைப்பைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள், காற்று தடையில்லாமல் போக வேண்டும். அப்புறம் எல்டிஏ வாயில் சைக்கிள் பம்பை வைத்து ஒரு பார் அளவுக்கு மட்டும் காற்றைக் கொடுத்துப் பிடியுங்கள். அழுத்தம் நிற்காமல் இறங்கினால் சவ்வு போய்விட்டது. அதை பம்ப் கடையில் மாற்றிவிடுவார்கள். ‘எல்டிஏவை லாக் செய்துவிடலாம்’ என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இழுவை வந்துவிடும், கூடவே ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் கரும்புகையும் வந்துவிடும்.

கேள்வி: பிஎஸ்4, பன்னிரண்டு சக்கரம், காமன் ரயில். பத்து நாளாக ஆக்ஸிலேட்டர் மிதித்தால் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம், பின்னால் கரும்புகை. லிட்டருக்கு 3.6 கொடுத்த வண்டி 3க்கு இறங்கிவிட்டது. நாசில் மாற்றச் சொல்கிறார்கள். – வாசகர், பரமத்தி வேலூர்

பதில்: இவர் சத்தத்தையும் எழுதியிருக்கிறார், புகை நிறத்தையும் எழுதியிருக்கிறார். இப்படித்தான் எழுத வேண்டும்.

முந்தைய கேள்விக்கு நேர் எதிர் இது. டீசல் இருக்கிறது, காற்று இல்லை. டர்போ அடைக்கிற காற்று வழியில் எங்கோ ஓடிவிடுகிறது. ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போது மட்டும் சத்தம் வருவது அதனால்தான். டர்போவிலிருந்து, காற்றைக் குளிர வைக்கிற இன்டர்கூலருக்குப் போகிற ஹோஸ், அங்கிருந்து மேனிஃபோல்டுக்கு வருகிற ஹோஸ், இந்த இரண்டிலும் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். வெடிப்பு எப்போதும் கண்ணுக்குத் தெரியாத பக்கம்தான் இருக்கும். சூடான இன்ஜினில் கை வைக்காதீர்கள், காலையில் பாருங்கள். ஹோஸ் முனையில் லேசாக எண்ணெய்ப் பசை இருப்பது சகஜம். ஒரு இடத்தில் மட்டும் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கரும்பசையாக அப்பியிருந்தால் காற்று தப்பிப்பது அங்கேதான்.

கண்டுபிடிக்க முடியவில்லையா, டர்போவின் வாயை ஒரு டம்மி போட்டு மூடி, அதன் வழியாக ஒரு பார் காற்றை விட்டு, சோப்புத் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். ஒரு பாருக்கு மேல் வேண்டாம், டயருக்குப் பிடிக்கிற மாதிரி பிடித்தால் ஹோஸ் தெறிக்கும். இன்டர்கூலரையே சந்தேகப்பட்டால் இறக்கி, இரண்டு வாயையும் அடைத்து, பஞ்சர் கடைத் தொட்டியில் டியூபை அமுக்குகிற மாதிரி தண்ணீரில் அமுக்கிப் பார்க்கலாம். ரேடியேட்டர் பக்கத்தில் உரசியே ஓட்டை விழுந்த இன்டர்கூலர் நிறையப் பார்த்தாயிற்று.

அது எல்லாம் சரி என்றால், எக்ஸாஸ்ட் பிரேக்கின் தகடு பாதி மூடிய நிலையில் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். யாரும் பார்க்காத இடம் அது. புகை போகிற வழியே அடைபட்டால் டர்போ எப்படிச் சுற்றும்? ஏர் ஃபில்டர் அடைத்துவிட்டதென்று சிவப்பு காட்டுகிறதா என்பதை நான் கேட்கவே இல்லை, பார்த்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கிற நாசிலுக்குக் காசு செலவழிப்பது இதெல்லாம் முடிந்த பிறகு.

இன்னொன்று, இதைக் கோபமாகவே சொல்கிறேன். பழைய வண்டியில் எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போதே நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்போம். அந்தப் பழக்கத்தில், எல்லா நாசிலுக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகிற காமன் ரயில் வண்டியில் ஸ்பேனரை வைக்காதீர்கள். பழைய நாசில் திறப்பது 200, 250 பாரில். காமன் ரயிலில் லோடு ஏறினால் 1,600 பார் வரைக்கும் போகும். அந்த ஊசிச் சாரல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். வெளியே பார்த்தால் எறும்பு கடித்த அளவு புள்ளிதான் இருக்கும், வலிகூட முதலில் பெரிதாகத் தெரியாது. பக்கத்துப் பட்டறைப் பையன் ஒருவன் அப்படித்தான் பற்பசை தடவிக்கொண்டு மறுநாள் வரைக்கும் இருந்தான், ஒரு விரல் போய்விட்டது. பட்டால் அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், ‘டீசல் பிரஷரில் ஏறிவிட்டது’ என்று அந்த வார்த்தையையே சொல்லுங்கள்.

கேள்வி: அண்ணா, என் வீட்டுக்காரர் லோனில் எடுத்த பிஎஸ்6 லாரி ஓட்டுகிறார். திடீரென்று மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்து வேகம் ஏறவில்லை என்கிறார். டர்போவா, டீசலா? அவர் எழுத மாட்டார், நான் எழுதுகிறேன். – வாசகி, திருச்செங்கோடு

பதில்: நீங்கள் எழுதியதே நல்லது தங்கச்சி. அநேகமாக இரண்டும் இல்லை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்கிற ஏற்பாட்டில் குறை வந்தால் வண்டியே தன் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். புகையைச் சுத்தம் செய்ய ஊற்றுகிற டெஃப் திரவத்தின் டேங்க் காலியா, அதில் மலிவாகக் கிடைத்ததை யாராவது ஊற்றினார்களா என்று அவரிடம் கேளுங்கள். அது 32.5 சதவீத யூரியாவைச் சுத்தமான நீரில் கலந்தது. வயலுக்குப் போடுகிற யூரியாவைக் கரைத்து ஊற்றிய புண்ணியவான்களை எனக்குத் தெரியும், அவர்கள் மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு செலவு வைத்தது. டெஃப் சரியாக இருந்தால், சைலன்சரில் சேர்கிற கரியை எரிக்க வண்டி கேட்கும்போதெல்லாம் அவர் பட்டனை அமுக்கித் தள்ளிப்போடுகிறாரா என்று கேளுங்கள். கோபித்துக்கொள்வார். பரவாயில்லை, கேளுங்கள். பிறகு கம்ப்யூட்டர் போட்டுப் பார்க்கிற இடத்துக்குப் போகச் சொல்லுங்கள். இதில் ஸ்பேனருக்கு வேலை இல்லை.

கேள்வி: ஆப்பிள் லோடுக்கு ஸ்ரீநகர் போகிற வண்டி. போன வருஷம் லே வரைக்கும் போனோம். சோஜிலாவில் கரும்புகை, இழுவை பாதி. கீழே இறங்கியதும் தானாகச் சரியாகிவிட்டது. திரும்பி வந்ததும் டர்போவை மாற்றச் சொல்கிறார் ஓனர். – டிரைவர், நாமக்கல்

பதில்: ஓனரை ஒரு தடவை கூட்டிக்கொண்டு போங்கள்.

சோஜிலா 3,528 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் நம்மூரில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். டர்போ இருப்பதால்தான் அந்த அளவுக்காவது ஏறியது. அதுவும் மெல்லிய காற்றைத்தான் உறிஞ்ச வேண்டும், இழப்பை முழுக்க ஈடுகட்ட முடியாது. பழைய பம்பில் டீசல் அளவு கீழே வைத்த அளவுதான், காற்று மட்டும் குறைகிறது, அதனால் கரும்புகை. இறங்கியதும் சரியாகிவிட்டது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், டர்போவில் ஒன்றும் இல்லை. அங்கே ஒரு கியர் குறைத்தே ஏறுங்கள், ஆக்ஸிலேட்டரைத் தரையோடு அமுக்கி வைத்துக்கொண்டு ஏறாதீர்கள். காற்று குறைந்த இடத்தில் அமுக்கினால் சூடுதான் ஏறும்.

குளிர்காலத்தில் போனால் வேறொரு தொல்லை. நம்ம பக்கத்து பங்கில் பிடித்த டீசல் அந்தக் குளிரில் நெய் உறைகிற மாதிரி உறைந்து ஃபில்டரை அடைக்கும். காலையில் எடுத்தால் ஓடும், கொஞ்ச தூரத்தில் நின்றுவிடும். பார்த்தால் டீசல் வராத கோளாறு மாதிரியே இருக்கும். லடாக்கில் 2019லிருந்து மைனஸ் 33 டிகிரி வரைக்கும் உறையாத குளிர்கால டீசல் விற்கிறார்கள். இரவு தங்குவதற்கு முன் அதைப் பிடித்து, கொஞ்ச தூரம் ஓட்டி, ஃபில்டருக்குள்ளும் அதுவே வந்த பிறகு நிறுத்துங்கள். டேங்குக்கு அடியில் துணியைக் கொளுத்திச் சூடு காட்டுவது வேண்டவே வேண்டாம்.

கேள்வி: டர்போ ஷாஃப்டை ஆட்டினால் ஆடுகிறது. மாற்ற வேண்டுமா? – வாசகர், ஆத்தூர்

பதில்: எந்தப் பக்கம் ஆடுகிறது என்று எழுதவில்லை. மேலும் கீழுமாக லேசாக ஆடத்தான் செய்யும், அந்த ஷாஃப்ட் ஆயில் படலத்தில் மிதக்கிற சாமான், ஓடும்போது ஆயில் அதைத் தாங்கிப் பிடிக்கும். முன்னும் பின்னுமாக இழுத்தால் கைக்குத் தெரிகிற ஆட்டம் இருந்தாலோ, பிளேடு உள்சுவரில் உரசிய கோடு இருந்தாலோ மாற்றுங்கள்.

புது டர்போ போட்டாலும், வண்டியை நிறுத்தும்போது ஒரு முறுக்கு முறுக்கி ‘வ்ர்ரூம்’ என்று ஆஃப் செய்கிற பழக்கம் இருந்தால் அதுவும் நிலைக்காது. நிமிஷத்துக்கு லட்சம் சுற்று வரைக்கும் சுற்றுகிற ஷாஃப்டுக்கு ஆயிலை நிறுத்திவிட்டு இறங்கிப் போகிறோம். ஏற்றம் ஏறி வந்து நிறுத்தினால் இரண்டு மூன்று நிமிஷம் ஐடிலில் ஓடவிடுங்கள். அந்த நேரத்தில் பில் புக்கை எழுதி முடித்துவிடலாம்.

கேள்வி: பம்பில் டீசல் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பிவிட்டால் இழுவை கூடுமாமே? – வாசகர், கரூர்

பதில்: கூடும். பிஸ்டன் உருகுகிற வரைக்கும்.